பிரதமரும் குடியரசுத் தலைவரும் பறக்கும் விமானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரதமர் வெளிநாடு கிளம்பும் ஒவ்வொரு முறையும், விமானப் படிக்கட்டில் நின்று கையசைக்கும் படம் ஒன்று வரும். படம் வந்த அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் கேள்விகளும் வந்துவிடும். என்ன விலை, உள்ளே என்ன இருக்கிறது, ஏவுகணை வந்தால் தப்புமா, யார் காசு கொடுக்கிறார்கள்? விமானங்கள் மேல் பைத்தியம் உள்ளவன் என்று தெரிந்ததால் பாதிக் கேள்விகள் என் பக்கம் திரும்பும். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

‘ஏர் இந்தியா ஒன்’ என்பது அந்த விமானத்தின் பெயர்தானே?

இல்லை. அது ஏர் இந்தியா ஓட்டிய காலத்து அழைப்புப் பெயர். வானத்தில் பறக்கும் ஒவ்வொரு விமானமும் தரைக் கட்டுப்பாட்டு அறையோடு பேசும்போது தன்னை ஒரு பெயரால் சொல்லிக்கொள்ளும். பயணிகள் விமானம் என்றால் நிறுவனத்தின் பெயரும் பயண எண்ணும். தலைவர் உள்ளே இருந்தால் ‘ஒன்’. அவர் இல்லாமல் அதே விமானம் பயிற்சிக்குப் போனால் அந்தப் பெயருக்கு வேலையில்லை.

இந்த வழக்கம் அமெரிக்காவில் தொடங்கியது. 1953இல் அதிபர் ஐசனோவர் போன விமானத்தின் அழைப்பு எண் ‘ஏர்ஃபோர்ஸ் 8610’. அதே வான்வெளியில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 8610ஆம் எண் விமானமும் வந்துவிட்டது. ஒரே எண், இரண்டு விமானம். எது எது என்று கொஞ்ச நேரம் குழம்பிய பிறகுதான், அதிபருக்கென்று தனிப் பெயர் வேண்டும் என்று ‘ஏர்ஃபோர்ஸ் ஒன்’ வந்தது.

பெயர் ஆளோடு போகும், விமானத்தோடு போகாது என்பதற்கு 1974 ஆகஸ்ட் 9ஆம் தேதியைவிட நல்ல உதாரணம் கிடையாது. பதவி விலகிய அமெரிக்க அதிபர் நிக்சன் அன்று வாஷிங்டனிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பினார். கிளம்பும்போது அது ஏர்ஃபோர்ஸ் ஒன். விமானம் மிசௌரி மாநிலத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்தபோது கீழே ஃபோர்டு புதிய அதிபராகப் பதவியேற்றார். உடனே விமானி ரேடியோவில் தரையை அழைத்து, இனி நாங்கள் ‘சாம் 27000’ என்று விமானத்தின் சொந்த எண்ணுக்கு மாற்றிக்கொண்டார். நிக்சன் அதே இருக்கையில்தான் இருந்தார்.

சரி, நம் தலைவர்கள் இப்போது எந்த விமானத்தில் போகிறார்கள்?

நீண்ட வெளிநாட்டுப் பயணங்களுக்கு போயிங் 777-300 ஈஆர். மொத்தம் இரண்டு. 2018இல் ஏர் இந்தியாவுக்காக வந்தவை. சில மாதங்கள் சாதாரணப் பயணிகளையும் ஏற்றிப் பறந்தன. பிறகு உள்ளமைப்பை மாற்றவும் பாதுகாப்புக் கருவிகளைப் பொருத்தவும் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போயின. முதலாவது 2020 அக்டோபர் 1 அன்று டில்லியில் இறங்கியது. இரண்டாவதும் அதே மாதக் கடைசியில் வந்துசேர்ந்தது.

வெள்ளை உடல், ஒரு பக்கம் இந்தியில் ‘பாரத்’, இன்னொரு பக்கம் ஆங்கிலத்தில் ‘இந்தியா’, நடுவில் அசோகச் சின்னம், வாலில் மூவர்ணக் கொடி. 74 மீட்டர் நீளம். இரண்டே என்ஜின்கள்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு 737 விமானத்தின் உடல் அளவுக்குப் பருமன். படிக்கட்டில் நிற்கும் தலைவரை விட்டுவிட்டு அடுத்த முறை அந்த என்ஜினைப் பாருங்கள்.

முதல் பயணம் எங்கே தெரியுமா? சென்னைக்கு! 2020 நவம்பர் 24ஆம் தேதி அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திருப்பதி தரிசனத்துக்காக டில்லியிலிருந்து சென்னைக்கு வந்ததுதான் இதன் தொடக்கப் பயணம். பிரதமர் மோடி அடுத்த ஆண்டு மார்ச்சில் டாக்கா போக இதைப் பயன்படுத்தினார்.

யார் ஓட்டுகிறார்கள்? ஏர் இந்தியாவா?

இந்திய விமானப்படை. பழைய ஏற்பாட்டில் ஏர் இந்தியா விமானிகள்தான் ஓட்டினார்கள். 777 வந்தபோது விமானப்படை விமானிகளுக்கு ஏர் இந்தியாவில் பயிற்சி கொடுத்து, ஓட்டும் பொறுப்பை அவர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடாவிடம் போனபோது இந்த இரண்டு விமானங்களும் கூடப் போகவில்லை. இன்னும் பலர் ‘ஏர் இந்தியா ஒன்’ என்றே சொல்வது பழக்கதோஷம்.

டில்லி பாலம் விமானப்படைத் தளத்தில் இதற்கென்றே ஒரு படைப்பிரிவு 1947 நவம்பரிலிருந்து இருக்கிறது. விமானத் தலைமையகத் தகவல் தொடர்புப் பிரிவு என்று பெயர். பெயரைக் கேட்டால் தந்தி ஆபீஸ் மாதிரி இருக்கும், வேலை வி.வி.ஐ.பி.க்களைச் சுமப்பது.

777க்கு முன்னால் என்ன செய்தார்கள்?

ஏர் இந்தியாவின் 747-400 ஜம்போக்களை எடுத்துக்கொண்டார்கள். அந்த வரிசையில் ஒரு விமானத்தின் பெயர் ‘தஞ்சூர்’, நம் தஞ்சாவூர்தான். ஒவ்வொரு விமானத்துக்கும் இப்படி ஒரு கலைநகரத்தின் பெயரை வைத்திருந்தார்கள்.

அந்த ஏற்பாட்டில் பெரிய தலைவலி இருந்தது. பிரதமர் பயணம் என்றால் ஜம்போவைச் சில நாள் முன்பே வழக்கமான ஓட்டத்திலிருந்து விலக்க வேண்டும். முன்பகுதி இருக்கைகளைக் கழற்றி அறையாக மாற்ற வேண்டும், பாதுகாப்பு ஆட்கள் மூலை முடுக்கெல்லாம் சோதிக்க வேண்டும். கோளாறு வந்தால் உதவ இன்னொரு விமானத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டும். பயணம் முடிந்ததும் மறுபடி இருக்கைகளைப் பூட்டி, டிக்கெட் வாங்கியவர்களை ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும். நாள்தோறும் டவுன் பஸ்ஸாக ஓடும் வண்டியைக் கல்யாணத்துக்குக் கேட்டு வாங்கி ஜோடித்த மாதிரி.

தூரமும் ஒரு பிரச்சினை. அமெரிக்கா போகும்போது ஃப்ராங்ஃபர்ட்டில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். 2021 செப்டம்பரில் மோடி 777இல் டில்லியிலிருந்து வாஷிங்டனுக்கு எங்கும் நிற்காமல் போனார்.

உள்ளே படுக்கையறை, தங்கக் குழாய் எல்லாம் இருக்கிறதாமே?

தங்கக் குழாய் வாட்ஸ்அப்பில் மட்டும். தலைவருக்கு ஓர் அறை, அலுவலகம், கூட்டம் நடத்த ஓர் இடம், மருத்துவ வசதி, பின்னால் அதிகாரிகளுக்கும் பாதுகாப்புப் படையினருக்கும் இருக்கைகள், யாரும் ஒட்டுக்கேட்க முடியாத செயற்கைக்கோள் தொலைபேசி: பொதுவெளியில் தெரிந்தது இவ்வளவுதான். முழு வரைபடத்தை யாரும் வெளியிடவில்லை, வெளியிடவும் மாட்டார்கள். அந்த வாஷிங்டன் பயணத்தில் மோடி கோப்புகளைப் புரட்டும் படத்தை அவரே பகிர்ந்தார். அதில் தெரிந்ததும் ஒரு மேசை, ஒரு கட்டுக் காகிதம், ஒரு விளக்கு.

என்னைக் கேட்டால் வளைகுடாவின் பெரிய விமான நிறுவனங்களில் முதல் வகுப்பு டிக்கெட் எடுப்பவருக்குக் கிடைக்கும் ஆடம்பரம் இதில் கிடைக்காது. கோடிகள் போனது மெத்தைக்கு இல்லை, அடுத்த கேள்விக்கு.

ஏவுகணை விட்டால் தப்புமா?

தப்பிக்க ஏற்பாடு இருக்கிறது. 2019 பிப்ரவரியில் அமெரிக்கா, இந்த இரண்டு விமானங்களுக்குமான பாதுகாப்புத் தொகுப்பை விற்க ஒப்புதல் கொடுத்தது. அதன் மதிப்பு 19 கோடி டாலர்.

அது வேலை செய்யும் விதம் சுவாரசியமானது. தோளில் வைத்து ஏவும் சிறு ஏவுகணைகள் பெரும்பாலும் என்ஜின் சூட்டைத் தேடி வருபவை. அவற்றின் மூக்கில் சூட்டைப் பார்க்கும் ஒரு கண் இருக்கும். விமானத்தின் உடலைச் சுற்றிப் பொருத்திய உணரிகள், ஏவுகணை கிளம்பும் பிழம்பைக் கண்டுகொள்ளும். உடனே ஒரு சிறு கோபுரம் அந்தத் திசைக்குத் திரும்பி, ஏவுகணையின் கண்ணுக்குள் நேராக லேசர் கதிரை அடிக்கும். எதிரே வரும் லாரி ஹைபீம் போட்டால் நமக்குச் சாலை தெரியாமல் போகுமே, அது மாதிரி. ஏவுகணை இலக்கை இழந்து எங்கோ போய்விடும். எல்லாம் சில நொடிகளில், விமானி பொத்தான் எதையும் அழுத்தாமலே நடக்கும். ரேடார் வழிகாட்டலில் வரும் ஏவுகணைகளைக் குழப்பத் தனிக் கருவிகள் உண்டு.

இரண்டு விமானங்களுக்கும் சேர்த்து வாங்கியது, மாற்றியமைத்தது எல்லாமாகச் சுமார் 8,400 கோடி ரூபாய் என்று அப்போது செய்திகள் வந்தன. எதிர்க்கட்சிகள் கேள்வி கேட்டன. வாங்கும் முயற்சி 2011இலேயே, முந்தைய ஆட்சியில் தொடங்கியது என்று அரசுத் தரப்பு பதில் சொன்னது.

நடுவானில் எரிபொருள் நிரப்பலாமா?

முடியாது. 777 வகையில் அந்த வசதி கிடையாது. அமெரிக்க அதிபருக்கென்று 1990இலிருந்து பறக்கும் இரண்டு பழைய 747களில் உண்டு. அவற்றுக்குப் பதிலாக வரவிருக்கும் புதிய 747களில் செலவைக் குறைக்க அதை அமெரிக்காவே விட்டுவிட்டது.

மதுரைக்கும் இந்தப் பெரிய விமானமா வரும்?

உள்நாட்டுக்கும் பக்கத்து நாடுகளுக்கும் பெரும்பாலும் போயிங் 737இன் வி.ஐ.பி. வகை. மூன்று இருக்கின்றன: ராஜ்தூத், ராஜ்ஹன்ஸ், ராஜ்கமல். இவையும் விமானப்படையினுடையவைதான். அதைவிடச் சின்னதாக நான்கு எம்ப்ரேயர் ஜெட்டுகள் 2005இலிருந்து இருக்கின்றன.

ஓடுபாதை இல்லாத ஊருக்கு எம்ஐ-17 ஹெலிகாப்டர். 2025 ஏப்ரல் 6 அன்று பாம்பன் புதிய பாலத்தைத் திறக்க மோடி வந்தது நினைவிருக்கும். இலங்கையில் அனுராதபுரத்திலிருந்து ஹெலிகாப்டரிலேயே கடலைத் தாண்டி நேராக ராமேஸ்வரம் பக்கம் இறங்கினார். ஒரு நாட்டின் பிரதமர் இன்னொரு நாட்டிலிருந்து ஹெலிகாப்டரில் ஊர் திரும்புவது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. பாக் நீரிணை அவ்வளவு குறுகலானது.

வி.ஐ.பி. ஹெலிகாப்டர் ஊழல் என்றார்களே, அது இதுதானா?

இல்லை. அப்போது ஓடிய பழைய எம்ஐ-8களுக்குப் பதிலாக வாங்க நினைத்தது அது. 2010இல் 12 அகஸ்டா வெஸ்ட்லேண்ட் ஹெலிகாப்டர்களுக்குச் சுமார் 3,600 கோடி ரூபாயில் ஒப்பந்தம் போட்டார்கள். மூன்று வந்து இறங்கின. லஞ்சப் புகார் இத்தாலியில் கிளம்பி, 2014 ஜனவரியில் ஒப்பந்தம் ரத்தானது. நம்பிக்கையான எம்ஐ-17 வகையே இப்போது அந்த வேலையைச் செய்கிறது.

இந்தியப் பிரதமரின் விமானம் எப்போதாவது விபத்தில் சிக்கியிருக்கிறதா?

சிக்கியிருக்கிறது. இன்று பலருக்கும் இது தெரியாதது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

1977 நவம்பர் 4. பிரதமர் மொரார்ஜி தேசாய்க்கு அப்போது வயது 81. டில்லியிலிருந்து அசாமில் ஜோர்ஹாட் நோக்கி, விமானப்படையின் ‘புஷ்பக்’ என்ற டியூ-124 ரஷ்ய ஜெட்டில் வந்துகொண்டிருந்தார். இரவு நேரம். இறங்கும்போது ஓடுபாதையைப் பிடிக்க முடியாமல் விமானம் தாழ்ந்து, மூங்கில் புதர்களிலும் மரங்களிலும் மோதி, டெக்கலாகாவ் என்ற கிராமத்தின் வயலில் விழுந்தது. மூக்குப் பகுதி நொறுங்கியது. அங்கே இருந்த விமானப்படை வீரர்கள் ஐந்து பேரும் இறந்துபோனார்கள். விமானி விங் கமாண்டர் கிளாரன்ஸ் டிலிமா அவர்களில் ஒருவர். பின்பகுதியில் இருந்த பிரதமர் பெரிய காயமில்லாமல் தப்பினார். ஓடிவந்து முதலில் உதவியவர்கள் அந்தக் கிராமத்து மக்கள்.

மற்ற நாடுகளில் முடிவு இப்படி அமையவில்லை. 1988இல் பாகிஸ்தானின் ஜியா உல் ஹக், 1994இல் ஒரே விமானத்தில் ருவாண்டா, புருண்டி இரு நாட்டு அதிபர்கள், 2010 ஏப்ரல் 10 அன்று ஸ்மோலென்ஸ்க் அருகே போலந்து அதிபர் கசின்ஸ்கியும் உடன் வந்தவர்களுமாக 96 பேர். ஸ்மோலென்ஸ்க் விபத்து அடர்ந்த மூடுபனியில் நடந்தது. அந்த விமானத்தில் ராணுவத் தளபதிகள், மத்திய வங்கித் தலைவர் என்று நாட்டின் முக்கியமானவர்கள் பலர் சேர்ந்து போனார்கள். எத்தனை பேர் ஒரே விமானத்தில் ஏறலாம் என்பது எந்த விமானம் என்பதைவிடப் பெரிய கேள்வி.

இவ்வளவு செலவு செய்தும் பழுதாகுமா?

ஆகும். 2018 நவம்பரில் ஜெர்மனியின் அப்போதைய அரசுத் தலைவி மெர்கல் ஜி20 மாநாட்டுக்காக அர்ஜென்டினா கிளம்பினார். ஒரு மணி நேரத்தில் ரேடியோ செயலிழந்து, கொலோனில் இறக்கிவிட்டார்கள். மறுநாள் சாதாரணப் பயணிகளோடு ஐபீரியா விமானத்தில் போய், மாநாட்டுக்குத் தாமதமாகச் சேர்ந்தார். அதன் பிறகு ஜெர்மனி மூன்று புதிய ஏர்பஸ் 350களுக்கு ஆர்டர் கொடுத்தது.

2023 செப்டம்பரில் நம் டில்லியிலேயே ஒரு கூத்து நடந்தது. ஜி20 முடிந்து கனடாப் பிரதமர் ட்ரூடோ கிளம்ப வேண்டிய நேரத்தில் விமானம் மக்கர் செய்தது. பழுது நீங்கும்வரை இரண்டு நாள் கூடுதலாக டில்லி ஓட்டலில் இருந்தார். இரு நாட்டு உறவு அப்போது இருந்த நிலையில், அது யாருக்கும் சுகமான இரண்டு நாளாக இருந்திருக்காது.

எந்த நாட்டுக்கு மேலும் தலைவர் விமானம் பறக்கலாமா?

கூடாது. பயணிகள் விமானத்துக்கு ஒரு சட்டம், அரசு விமானத்துக்கு ஒரு சட்டம். 1944இல் சிகாகோவில் கையெழுத்தான ஒப்பந்தப்படி அரசு விமானம் இன்னொரு நாட்டின் வான்வெளிக்குள் நுழையத் தனி அனுமதி வாங்க வேண்டும். 2019 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ஐஸ்லாந்து போகப் பாகிஸ்தான் வழிவிட மறுத்தது. அதே மாதம் மோடியின் அமெரிக்கப் பயணத்துக்கும் மறுத்தது. சுற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு ஆண்டு கழித்து, முன்பு சொன்ன வாஷிங்டன் பயணத்தில், பாகிஸ்தான் அனுமதி கொடுத்தது. ஆனால் ஆப்கானிஸ்தானை இவர்களே தவிர்த்துவிட்டார்கள்.

அவர் வந்தால் நம் விமானம் ஏன் தாமதமாகிறது?

வி.வி.ஐ.பி. விமானம் இறங்கும்போதும் ஏறும்போதும் சுற்றுவட்டார வான்வெளியைக் கொஞ்ச நேரம் காலியாக வைப்பார்கள். ஒருமுறை கோவையிலிருந்து சென்னை வந்தபோது எங்கள் விமானம் கடலுக்கு மேல் வட்டமடிக்கத் தொடங்கியது. மெரினா ஒரு சுற்றில் இடப்பக்கம் வந்தது, அடுத்த சுற்றிலும் வந்தது. நான்காவது சுற்றில் கேப்டன் “வி.வி.ஐ.பி. மூவ்மென்ட்” என்று இரண்டே வார்த்தை சொன்னார். பக்கத்து இருக்கைப் பாட்டி “யாரு, மந்திரியா?” என்று கேட்டுவிட்டு முறுக்கு டப்பாவைத் திறந்தார்.

காசு யார் கொடுக்கிறார்கள்?

அரசுமுறைப் பயணம் என்றால் அரசு. ஏர் இந்தியா காலத்தில் பயணம் முடிந்ததும் அந்தந்த அமைச்சகத்துக்கு பில் போகும். பில் போகும், பணம் வராது. நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் பாக்கி நின்று, தணிக்கை அறிக்கை வரைக்கும் போனது.

தேர்தல் நேரத்தில் அமைச்சர்கள் அரசு விமானத்தைப் பிரசாரத்துக்குத் தொடக்கூடாது. பாதுகாப்பு காரணமாகப் பிரதமருக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்கும் கட்டணம் கட்ட வேண்டும்.

பத்திரிகையாளர்களை இப்போதும் அழைத்துப் போகிறார்களா?

ஒருசிலரைத்தான். முன்பு பெரிய கூட்டமே போகும். மன்மோகன் சிங் ஊர் திரும்பும் வழியில் விமானத்திலேயே பேட்டி கொடுப்பார், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். 2014க்குப் பிறகு செய்தி நிறுவனங்கள், தூர்தர்ஷன் போன்றோருக்குத்தான் இடம். செலவு மிச்சம் என்பார்கள். கேள்விகளும் மிச்சம்.

எல்லா நாட்டுத் தலைவர்களுக்கும் தனி விமானம் இருக்கிறதா?

இல்லை. சீனத் தலைவர்கள் ஏர் சைனா நிறுவனத்தின் விமானங்களில்தான் போகிறார்கள். 2019 அக்டோபரில் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தபோது மீனம்பாக்கத்தில் இறங்கியதும் ஏர் சைனாவின் 747 தான். அமெரிக்கர்களோ படிக்கட்டைக்கூடத் தங்களோடு கொண்டுபோகிறவர்கள். 2016இல் சீனாவின் ஹாங்சௌவில் உயரமான படிக்கட்டு வராமல் போனதும், ஒபாமா விமானத்தின் அடிவயிற்றில் இருக்கும் சொந்தப் படிக்கட்டு வழியாக இறங்கினார். அவமானமா, ஏற்பாட்டுக் குழப்பமா என்று ஒரு வாரம் விவாதம் நடந்தது.

இலங்கையில் ஜனாதிபதிகள் பொதுவாகப் பயணிகள் விமானங்களில்தான் போவார்கள். 2022 ஜூலை 13 அதிகாலையில் கோத்தாபய ராஜபக்ச மாலத்தீவுக்குக் கிளம்பியது மட்டும் விமானப்படையின் அன்டோனோவ்-32 இல். சரக்கும் சிப்பாய்களும் ஏறும் விமானம் அது. மறுநாள் அங்கிருந்து சவுதியா நிறுவனத்தின் பயணிகள் விமானத்தில் சிங்கப்பூர் போனார். உலகத்தில் அந்த நேரம் பறந்த விமானங்களில் அதிகம் பேர் இணையத்தில் பின்தொடர்ந்தது அதைத்தான். அவருடைய பதவி விலகல் கடிதம் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் வந்தது. ஆகவே, அந்த விமானம் பறந்த நேரம் முழுக்க அவர் இன்னும் ஜனாதிபதிதான்.